முன் சீட்டில் பாண்டிச்செல்வி

பாண்டிச்செல்விக்கு விஸ்வநத்தத்தில் ஒரு பட்டாசுக் கம்பெனியில் திரி செருகும் வேலை. சாத்தூர்ப் பக்கத்துக் கிராமத்திலிருந்து அவளையும் மற்றப் பெண்களையும் கம்பெனி வேன்தான் தினமும் ஏற்றிப்போகும்.

போன தீபாவளி சீசன் தொடக்கத்தில் அந்த வேன் கவிழ்ந்தது. வளைவில் எதிரே டிராக்டர் வந்தது. டிரைவர் பிரேக்கை மிதித்தும், வந்த வேகத்தில் வண்டி நிற்கவில்லை. பாண்டிச்செல்விக்குத் தோள் எலும்பு முறிந்தது. அவள் தெருக்காரி கருப்பம்மாள் வெளியே வீசப்பட்டு அங்கேயே இறந்தாள். பார்க்க வந்தவர்களெல்லாம் விதி என்றார்கள்.

“விதியுமில்ல ஒண்ணுமில்ல. மெதுவா வந்திருந்தா வண்டி நின்னிருக்கும்” என்றாள் பாண்டிச்செல்வி.

சீசன் முடியுமுன்பே எலும்பு கூடி வேலைக்குத் திரும்பினாள். வேன் புதிது, டிரைவர் செல்வக்குமாரும் புதியவன். ஆனால் அவனும் பறந்தான். மறுநாள் அவள் பின்னால் ஏறாமல் அவன் பக்கத்துச் சீட்டில் உட்கார்ந்தாள். ஸ்பீடாமீட்டர் முள் எண்பதைத் தாண்டியதும் அவன் தோளைத் தட்டினாள்.

“தம்பி, ஓரமா நிறுத்துப்பா.”

“என்னக்கா, வாந்தி வருதா?”

அவன் நிறுத்தியதும் இறங்கிப் பின்கதவைத் திறந்தாள். “எல்லாரும் எறங்குங்கத்தா. இந்தத் தம்பி மெதுவாப் போறேன்னு சொன்னாத்தான் ஏறுவோம்.”

ஒருத்திகூட உள்ளே இருக்கவில்லை.

செல்வக்குமார் தலையைச் சொறிந்தான். “ஆசைக்கா ஓட்டுறேன்? உங்கள விட்டுட்டு அடுத்த ஊருக்கு ஓடணும். அவுக லேட்டாப் போனா கம்பெனி கேட்ட அடைச்சிருவாக.”

“அத நான் பேசிக்கிறேன். நீ மெதுவா ஓட்டு.”

அன்றே பெண்களோடு போய் போர்மேன் லட்சுமிகாந்தத்தின் முன் நின்றாள். “சீசன் நேரம், ஆர்டர் நிக்குது” என்றார் அவர்.

“நாங்க உயிரோட வந்தாத்தானண்ணே உங்களுக்கு லோடு ஏறும்? ரெண்டாவது ட்ரிப்புக்கு அரைமணி தள்ளிக் கேட்ட அடைங்க. இல்லன்னா நாளைக்கு வேன் காலியாத்தான் வரும்.”

பின்னால் நின்றவர்கள் கலையவில்லை. அவர் முனகிக்கொண்டே ஒத்துக்கொண்டார். ஆனால் ரெண்டாவது ட்ரிப்பில் வருகிறவர்கள் அந்த அரைமணியைச் சாயங்காலம் ஈடுகட்ட வேண்டும் என்றார். அடுத்த ஊர்ப் பெண்கள் அவள்மீது பாய்ந்தார்கள்.

“உன்னால பொழுதடைஞ்சு வீட்டுக்குப் போறோம்.”

“போய்ச் சேர்றீகல்ல” என்றாள்.

கொஞ்ச நாளில் அவர்களும் முள்ளைக் கவனிக்க முன் சீட்டில் ஓர் ஆளை உட்காரவைத்தார்கள்.

இந்த சீசனிலும் வேன் ஓடுகிறது. பஸ்கள் ஹாரன் அடித்து முந்துகின்றன, செல்வக்குமார் வழிவிடுகிறான். போன வாரம் வேறொரு கம்பெனிப் பெண்கள், போர்மேனிடம் எப்படிப் பேசுவது என்று பாண்டிச்செல்வியிடம் கேட்டு வந்தார்கள்.

“மொதல்ல வண்டிய விட்டு எறங்குங்க. பேச்சு தன்னால வரும்” என்றாள்.