சோறு புளித்தது யார் கையால்?

மலாயாவின் அவசரகாலத்தில் எங்கள் ரப்பர் தோட்டத்தில் வீட்டுக்கு வீடு அடுப்பு எரியவில்லை. அரிசி காட்டுக்குள் ஒளிந்து சண்டை போடும் கம்யூனிஸ்டுகளிடம் போய்விடும் என்று, ஒரே கொட்டகையில் சமைத்துச் சோறாகவே கொடுத்தார்கள். முள்கம்பிக்குள் இரண்டு லயம், வரிசை வீடுகள். லயத்துக்கு ஓர் அடுப்பு, சோற்றை ஆறவைக்க ஒரு தொட்டி. கிழக்கு லயத்துக்கு, எங்களை வேலை வாங்கும் மண்டோரின் மைத்துனர் சமைத்தார். மேற்கு லயத்துக்கு ஒரு பெண். புருஷன் காய்ச்சலில் போனபின் அந்தக் கரண்டிதான் அவளுக்குப் பிழைப்பு.

நான் இரண்டு அடுப்புக்கும் விறகு பிளந்து தண்ணீர் இறைத்தேன். அதற்குமுன் எத்தனையோ தோட்டம் பார்த்தவன். எதிலும் என் மூட்டையை முழுதாக அவிழ்த்ததில்லை. இங்கே அவளைப் பார்த்த நாளிலிருந்து கால் தரையில் சரியாகப் படவில்லை. வாளி தளும்பியது, கோடாரி விறகைத் தவிர எல்லாவற்றிலும் விழுந்தது.

மதியம் வாங்கும் சோறுதான் இரவுக்கும். மேற்கு லயத்துச் சோறு மட்டும் பொழுது சாய்வதற்குள் புளித்தது. புளித்ததையும் தின்றோம், வேறு இல்லை. ஆனால் பேச்சு கிளம்பிவிட்டது.

"தாலியறுத்த கை. அவ தொட்டா சோறு ஊசத்தான் செய்யும்," என்றார் மைத்துனர்.

மண்டோரும் தலையாட்டினார். அடுத்த லோரியில் அவள் பத்தாங் பெர்ஜுந்தாயில் இருக்கும் அண்ணன் வீட்டுக்குப் போய்விட வேண்டும் என்று முடிவானது.

"கையச் சோதிச்சுப் பாத்துட்டு அனுப்புங்க மண்டோரே!" என்று கத்திவிட்டேன். "ஆள மட்டும் மாத்துங்க. இவரு அந்த அடுப்புல சமைச்சு அந்தத் தொட்டியில ஆற வைக்கட்டும், அவங்க இந்தப் பக்கம். ஒரே மூட்டை அரிசி, ஒரே கிணத்துத் தண்ணி. கைதான் காரணம்னா புளிப்பும் கையோடயே போகணும்ல?"

மூன்றாம் வகுப்போடு நின்ற எனக்கு அது எங்கிருந்து வந்ததோ!

முதல் நாள் சோதனை நாசமாய்ப் போனது. ஆளாளுக்கு வந்து இரண்டு சோற்றிலும் விரலை விட்டு ருசி பார்த்தார்கள். சாயங்காலம் இரண்டுமே புளித்துவிட்டன. "இது செல்லாது!" என்று குதித்தேன். மறுநாள் இரண்டு தொட்டி மூடிகளின் மேலும் கல்லை ஏற்றி, நடுவில் கோடாரியோடு உட்கார்ந்துகொண்டேன்.

சாயங்காலம், யார் மோந்து பார்ப்பது என்று கேள்வி வந்தது. "நான்," என்றேன்.

"நீயா? அவ மூஞ்சியப் பாத்தா ஊசின சோறும் ஒனக்குப் பாயாசம்லா!" என்றாள் பால்மரம் வெட்டும் ஒருத்தி. கொட்டகையே சிரித்தது.

"கண்ணக் கட்டிட்டா எவன் மூக்கா இருந்தா என்ன?" என்று மண்டோர் தன் துண்டால் என் கண்ணை இறுக்கிக் கட்டினார். சமைத்த இருவரையும் கிணற்றுக்கு அப்பால் அனுப்பினார், இருமினால்கூட எனக்குக் கேட்காதபடி.

முதல் தட்டில் நல்ல சோறு. இரண்டாவது மூக்கில் ஏறியது. பயந்த மனசு உடனே சொல்லிவிட்டது, இது அவளுடையது என்று. 'நல்லாருக்கு' என்று ஒரு வார்த்தை போதும், அவள் இருப்பாள். ஆனால் சோதனை கேட்டவனே நான்.

"ரெண்டாவது புளிச்சிருக்கு," என்றேன். துண்டுக்குள் கண் நனைந்தது.

ஒரே கூச்சல். துண்டை அவிழ்த்தார்கள். இரண்டாவது தட்டு மைத்துனர் மேற்கு அடுப்பில் சமைத்தது! அவள் அடுப்புச் சோற்றைக் கொட்டி ஆறவைக்கும் மரத்தொட்டியை நான் ஓடிப்போய்க் கவிழ்த்துப் பார்த்தேன். விரிசல்களில் பழைய பருக்கைகள் பச்சை பூத்துக் கிடந்தன. கிழக்குப் பக்கம் இருந்தது தகரத் தொட்டி.

பால்மரக்காரி மைத்துனரைப் பார்த்து, "அப்ப ஒங்க தாலிய யாருண்ணே அறுத்தா?" என்றாள். அவர் அடுப்பைக் கிளறப் போய்விட்டார்.

அவள் கிணற்றடியிலிருந்து வந்து என் முன்னால் நின்றாள்.

"எங் கைச் சோறுன்னு நெனச்சுக்கிட்டேவா புளிச்சிருக்குன்னு சொன்னீங்க?"

"ஆமா."

"சரியான ஆளுதான். ஒரு பொய்கூட வரலையே!" முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். என் தட்டில் சோறு குவிந்துகொண்டே போனது. அவள் நிறுத்தவில்லை, நானும் போதும் என்று சொல்லவில்லை.

லோரி வந்தது. அதில் ஏறிப் போனது மரத்தொட்டிதான். நான் அறைக்குப் போய் என் மூட்டையை முழுதாக அவிழ்த்தேன். அடியில் நானே மறந்துபோன ஒரு நல்ல சட்டை இருந்தது.