பொம்மை லாரிக்குப் போட்ட இரும்பு ஷாஃப்ட்

இது எண்பதுகளின் நடுவில் நடந்தது. நாமக்கல்லிலிருந்து எருமப்பட்டி போகும் வழியில், தோட்டத்துக்குள் இருந்த வீட்டில் அப்போது நாங்கள் குடியிருந்தோம். மூன்று வயதில் ஒரு பெண் குழந்தை. என் கணவர் கல்கத்தா லைன் ஓட்டும் லாரி டிரைவர். சேலத்தில் ஜவ்வரிசி மூட்டை ஏற்றிக்கொண்டு கிளம்பினால் திரும்பிவர ஒரு மாதம், சில சமயம் அதற்கும் மேல். வந்தாலும் இரண்டு நாள்தான். முதல் நாள் தூங்குவார். மறுநாள் வண்டியை ஒர்க்‌ஷாப்பில் விட்டுவிட்டு அங்கேயே பழியாய்க் கிடப்பார். லாரியைத்தான் அவர் கட்டியிருக்கிறார், நான் சும்மா ஒத்தாசைக்கு வந்தவள் என்று என் அம்மாவிடம் புலம்பியிருக்கிறேன்.

ஒரே ஒரு தடவை என்னையும் லைனுக்குக் கூட்டிப்போங்கள் என்று எத்தனையோ முறை கேட்டாயிற்று. கேபினில் இன்னொரு டிரைவரும் கிளீனரும் இருக்கும்போது பொம்பளை எங்கே உட்காருவது என்பார். அதில் நியாயம் இருந்தது. நியாயம் இருந்ததால்தான் எனக்கு எரிச்சல் இன்னும் ஜாஸ்தி.

ஒரு தடவை மெட்ராஸ் துறைமுகம் பக்கம் லோடு இறக்கியபோது, மகளுக்காக ஒரு வெளிநாட்டுப் பொம்மை லாரி வாங்கிவந்தார். கையில் ஒரு பெட்டி, அதில் நீளமாக ஏரியல், இரண்டு குச்சிகள். ஒயரே கிடையாது. குச்சியைத் தள்ளினால் லாரி தானாக ஓடும், திரும்பும், ரிவர்ஸ் வரும். மகள் அதன் சத்தத்தைக் கேட்டு வீறிட்டு அழுது என் இடுப்பைவிட்டு இறங்கவே மாட்டேன் என்றுவிட்டாள். அவரும் லைனுக்குப் போய்விட்டார். ஆக, லாரி எனக்கு வந்து சேர்ந்தது.

மத்தியான வேளையில் குழந்தை தூங்கியதும் களத்தில் விட்டு ஓட்டுவேன். பேட்டரி தீர்ந்தால் டார்ச் லைட்டில் இருப்பதைக் கழற்றிப் போடுவேன், அதுவும் தீர்ந்தால் ரேடியோவில் இருப்பதை. ரேடியோ பாடாதபோது மாமியார் என்னைப் பார்க்கிற பார்வை இருக்கிறதே! வாயைத் திறந்து ஒன்றும் சொல்லமாட்டார். அது ஒரு பெரிய புண்ணியம்.

சும்மா ஓட்டவில்லை நான். வீட்டு வாசல் சேலம். துவைக்கிற கல் விஜயவாடா. மாட்டுத் தண்ணீர்த் தொட்டி கோதாவரி. களத்தின் கடைசியில் இருந்த வைக்கோல் போர் கல்கத்தா. இந்த ஊர்ப் பெயர்களெல்லாம் அவர் வாயிலிருந்து எப்போதோ விழுந்தவை. அவர் வழியிலிருந்து, லாரிக்கு லோடு பிடித்துக்கொடுக்கும் புக்கிங் ஆபீசுக்குப் போன் செய்வார். அங்கே வேலை பார்க்கும் ஒருவர் எங்கள் பக்கத்து ஊர்க்காரர். வீட்டுக்குத் திரும்பும்போது சைக்கிளை நிறுத்தி, வண்டி இன்ன ஊர் தாண்டிவிட்டது என்று சொல்லிவிட்டுப் போவார். உடனே நான் பொம்மை லாரியை அந்த ஊர்வரை ஓட்டிக்கொண்டுபோய் நிறுத்துவேன். பைத்தியம் என்றுதான் யாரும் சொல்வார்கள். ஆனால் அவர் எங்கே இருக்கிறார் என்று கண்ணால் பார்க்க எனக்கு வேறு வழி இல்லை.

நாமக்கல் லாரி ஊர்க்காரியில்லையா, காலி வண்டி ஓட்ட மனசு வருமா? பாடிக்கு மேலே தெரிகிற அளவுக்கு ஜல்லிக்கல்லை ஏற்றினேன். கோதாவரிக்குப் பக்கத்தில் ‘டக்’கென்று ஒரு சத்தம். மோட்டார் சுற்றுகிறது, சக்கரம் நகரவில்லை. கவிழ்த்துப் பார்த்தால், மோட்டாரிலிருந்து சக்கரத்துக்குச் சுழற்சியைக் கொண்டுபோகிற ஷாஃப்ட் இரண்டும் முறுக்கிக்கொண்டு உடைந்திருந்தன. இரண்டும் பிளாஸ்டிக். குடைக்கம்பியை வெட்டிப் போட்டுப் பார்த்தேன், வழுக்கிக்கொண்டு வெளியே வந்தது.

பொம்மை உடைந்ததற்கு நான் அழவில்லை. அந்த வாரம் பார்த்து அவரிடமிருந்து தகவலே வரவில்லை. ஆந்திராப் பக்கம் பயங்கர மழை, ரோடெல்லாம் தண்ணீர் என்று பேசிக்கொண்டார்கள். புக்கிங் ஆபீஸ்காரர் சைக்கிளை நிறுத்தாமல், தலையை மட்டும் ஆட்டிவிட்டுப் போனார். பொம்மை லாரி கோதாவரிக் கரையில் நிற்கிறது, நிஜ லாரி எங்கே நிற்கிறது என்று தெரியவில்லை. இதற்கும் அதற்கும் சம்பந்தமில்லை என்று புத்திக்குத் தெரிகிறது, மனசு கேட்கவேண்டுமே. இது ஓடினால்தான் அவர் வருவார் என்று பிடித்துக்கொண்டது.

குழந்தையை மாமியாரிடம் விட்டுவிட்டு, லாரியைத் துணிப்பையில் போட்டுக்கொண்டு நாமக்கல்லுக்குப் பஸ் ஏறினேன். அங்கே ஒரு லேத் பட்டறை. முன்பின் தெரியாத இடம். உள்ளே நிஜ லாரிகளின் சாமான்கள் மலைபோல் கிடந்தன. பட்டறைக்காரர் என் பொம்மையைப் பார்த்துவிட்டு, இதற்காகவா பஸ் ஏறி வந்தாய் என்று சிரித்தார். சுற்றி நின்றவர்களும் சிரித்தார்கள். எனக்கு எங்கிருந்துதான் வந்ததோ, “கல்கத்தா போன வண்டிங்கண்ணா, ஒரு சேதியும் இல்லீங்க” என்று சொல்லிவிட்டு, அத்தனை ஆம்பிளைகள் நடுவில் ஓவென்று அழுதுவிட்டேன். எதற்கு அழுகிறேன் என்று விளக்கவே வேண்டியிருக்கவில்லை. அங்கே நின்றவர்களில் பாதிப்பேர் லைன் ஓட்டுகிறவர்கள்.

பட்டறைக்காரர் ஓடிக்கொண்டிருந்த வேலையை நிறுத்தினார். எஃகுக் கம்பியை அளவெடுத்து, இரண்டு முனையிலும் துளை போட்டு, குறுக்கே சின்ன ஊசி அடித்து, இரண்டு ஷாஃப்டையும் செய்து அவரே மாட்டினார். காசு வாங்க மறுத்துவிட்டார். “மழை விட்டா வண்டி தானா வந்துரும், போ அம்மிணி” என்றார். அந்தப் புண்ணியவானின் பெயரைக்கூட நான் கேட்டுக்கொள்ளவில்லை.

சில நாள் கழித்து என் கணவர் வந்தார். வெள்ளத்தில் ரோடு அறுந்து, வரிசையாக நின்ற லாரிகளோடு இவர் வண்டியும் கிடந்திருக்கிறது. குளித்துச் சாப்பிட்டுத் தூங்கி எழுந்து வெளியே வந்தவர் களத்தில் நின்ற பொம்மையைக் கவிழ்த்துப் பார்த்தார். இரும்பு ஷாஃப்டை நகத்தால் தட்டினார். யார் போட்டது என்று கேட்டார். திட்டு விழப்போகிறது என்று நினைத்துக்கொண்டே எல்லாவற்றையும் சொன்னேன், துவைக்கிற கல், தொட்டி, வைக்கோல் போர் உட்பட.

அவர் சிரிக்கவில்லை. காய்ந்த பருத்திச்செடிக் குச்சி ஒன்றை எடுத்து, “கோதாவரி இங்க வராது புள்ள, இன்னும் தள்ளிப் போவோணும்” என்று மண்ணில் கோடு போட ஆரம்பித்தார். வாசலிலிருந்து கோடு போட்டுக்கொண்டே அவர் போக, நான் பெட்டியைக் கையில் பிடித்து லாரியை ஓட்டிக்கொண்டு பின்னால் போனேன். இங்கே ஒரு கிணறு, குளிக்க விடுவார்கள். இங்கே புளியமரம், ஸ்டவ் பற்றவைத்துச் சோறு வடிப்போம். இங்கே செக்போஸ்ட். இங்கேதான் வெள்ளத்தில் மாட்டினோம். வீட்டில் நாலு வார்த்தை சேர்ந்தாற்போல் பேசாத மனுஷன் அன்றைக்கு நிறுத்தவே இல்லை. எஃகு ஷாஃப்ட் போட்ட லாரி மேடு பள்ளமெல்லாம் தாண்டி ஓடியது. எனக்குக் கால் தரையில் பாவவில்லை.

வைக்கோல் போருக்கு வந்ததும் குச்சியைப் போட்டுவிட்டு அதிலேயே சாய்ந்து உட்கார்ந்தார்.

“ஓட்டறப்ப ஒண்ணும் தெரியறதில்ல புள்ள. இங்க, கல்கத்தாவுல, எறக்கிப்போட்டு அடுத்த லோடுக்குக் காத்துக் கெடக்கறப்பதான் முடியறதில்ல. செல நாளு பாப்பா மொகமே நெனப்புக்கு வராது. கண்ண மூடி மூடிப் பாப்பேன். பயமாயிரும்.”

எத்தனை மாதமாய்ச் சேர்த்துவைத்திருந்த சண்டை என்னிடம் இருந்தது! பெட்டியோடு அதையும் கீழே வைத்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தேன். மகள் எழுந்து அழுகிற சத்தம் கேட்டதும்தான் எழுந்தோம்.

இரண்டு நாள் கழித்து வழக்கம்போல லோடு ஏற்றக் கிளம்பிப் போனார். அதற்குப் பின்னும் பல வருஷம் லைன் ஓட்டினார். என்னை ஒருமுறைகூடக் கூட்டிப்போகவில்லை. இன்றுவரை நான் கல்கத்தாவைப் பார்த்ததில்லை, பார்க்கவேண்டும் என்ற ஆசையும் விட்டுப்போகவில்லை. ஆனால் லைன் போனவர் அங்கே ஜாலியாக இருக்கிறார், நான் மட்டும்தான் இங்கே கிடந்து ஏங்குகிறேன் என்று எரிந்துகொண்டிருந்தேனே, அந்த எரிச்சல் அன்றோடு போய்விட்டது. அங்கே ஒரு மனுஷன் கண்ணை மூடி மூடி எங்கள் முகத்தைத் தேடிக்கொண்டிருந்திருக்கிறார்.