அப்பா சொல்ல நினைத்தது

மில்லர்புரத்தில் எங்கள் வீட்டுக்கு அடுத்த தெருவில்தான் சர்ச்; நாங்கள் கோயில் என்போம். துறைமுக வேலை முடிந்தால் அப்பாவுக்கு அங்கேதான் இருப்பு. பாடகர் குழுவை நெடுங்காலம் நடத்தியவர் அவர். பாமாலையும் கீர்த்தனையும் அவருக்கு உயிர். கிட்டாரும் டிரம்ஸும் வந்தபோது அவரால் தாங்க முடியவில்லை.

கிட்டார் வாசித்தவர் உப்புக் கம்பெனியில் வேலை பார்க்கும் இளைஞர். சபையார் முன்னால் அப்பா அவரிடம், "இது கோயிலா, கல்யாண மண்டபமாடே?" என்று கேட்டுவிட்டு ஆர்மோனியத்தை மூடினார். பிறகு ஆராதனைக்கே போகவில்லை. ஞாயிறுதோறும் சன்னலோரம் பேப்பரை விரித்து உட்கார்ந்திருப்பார். ஒலிபெருக்கிப் பாட்டு வீட்டுக்குள் வரும். சன்னலைச் சாத்தவும் மாட்டார். பேசினால் தீர்ந்துபோகிற விஷயம். யாரும் பேசாமலே வருஷங்கள் போயின.

ஒருநாள் பக்கவாதம் வந்து வலது கையையும் பேச்சையும் எடுத்துக்கொண்டது. தண்ணீர் வேண்டுமென்றாலும், ஃபேனைப் போடச் சொல்ல நினைத்தாலும் "வா" என்ற ஒரே சொல்தான் வந்தது.

ஆராதனை முடிந்து ஜெபிக்க வந்தவர்களோடு கிட்டார்க்காரரும் வந்தார். அப்பா முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார். அம்மாவுக்குத் தர்மசங்கடம். கிட்டார்க்காரர் கட்டிலருகே உட்கார்ந்து, விடியும்தோறும் புதிதாகிற இரக்கத்தைப் பற்றிய ஒரு பாட்டை மெல்லத் தொடங்கினார். சபையில் அப்போது அடிக்கடி பாடிய புதுப் பாட்டு. இரண்டாவது அடியில் இன்னொரு குரல் சேர்ந்தது. அப்பா சுவரைப் பார்த்தபடியே பாடிக்கொண்டிருந்தார். ஒரு சொல்கூடத் தப்பவில்லை.

"அண்ணாச்சி, நீங்க பாடுதியளே" என்றார் கிட்டார்க்காரர்.

அம்மா சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டாள். பேச்சு போனாலும் பழகிய பாட்டு சிலருக்குத் தங்கிவிடும் என்று டாக்டர் பிறகு சொன்னார்.

அடுத்த மாதம் அப்பாவை வீல்சேரில் கோயிலுக்குக் கூட்டிப்போனோம். பழைய பாட்டு, புதுப் பாட்டு என்று பார்க்காமல் எல்லாவற்றையும் பாடினார். முகத்தில் அப்படியொரு வெளிச்சம். ஆனால் ஒவ்வொரு வாரமும் ஆராதனை முடிந்ததும் கிட்டார்க்காரரின் கையைப் பிடித்துக்கொண்டு, "வா… வா…" என்று தவிப்பார்.

"தெரியும் அண்ணாச்சி. விடுங்க."

ஒருநாள் அம்மா சொன்னாள், "இங்கேருங்க, அதப் பாட்டாவே பாடிச் சொல்லிருங்களேன்." அப்பா தலையாட்டி, ஒரு ராகம் எடுத்தார். ராகம் வந்தது, சொல் வரவில்லை. மறுபடி முயன்றார். பிறகு இடது கையால் நெற்றியில் அடித்துக்கொண்டு அழுதார். ஏற்கெனவே மனசில் இருந்த பாட்டுகள் மட்டும்தான் அவருக்கு மிஞ்சியிருந்தன. புதிதாக ஒரு வாக்கியம் சேர்க்க வழியில்லை.

போன கிறிஸ்துமஸுக்கு முன்னால் அப்பா இறந்துபோனார். கல்லறையில் அதே பாட்டைக் கிட்டார்க்காரர்தான் தொடங்கினார். பாதியில் அவர் நிறுத்திவிட, மீதியை அம்மாவும் நானும் பாடி முடித்தோம்.