கடலைப் பார்த்த வாசல்கள்

முன்வீட்டின் பின்சுவரைப் பார்த்து என் நைனா, "இன்னாம்மே, கெளுத்தியா கொதிக்குது?" என்று கேட்டார். கீற்றுச் சுவருக்கு அந்தப்பக்கமிருந்து அந்த வீட்டுக் கிழவியின் குரல் வந்தது: "மூக்கு மட்டும் நல்லாத்தான் வேல செய்யுது உனக்கு. கெளுத்தி இல்ல, மடவை."

நைனா சிரித்தார். குப்பம் எரிந்து, புது வீட்டுக்கு வந்தபிறகு அவர் சிரித்து நான் பார்க்கவில்லை. அந்தச் சுவரில் ஒரு வாசல் இருந்தால் போதுமே என்று அப்போதுதான் தோன்றியது.

எரிவதற்கு முன்பு எங்கள் குடிசைகள் கண்டபடி நின்றன. எந்த வாசலில் உட்கார்ந்தாலும் இன்னொரு வாசல் தெரியும். புதிதாகக் கட்டும்போது, ஊருக்குப் பின்னால் இருக்கும் உப்பேரியில் வலைபோடும் இடங்களைப் பிரிப்பதுபோலவே வீடுகளுக்கும் சீட்டுப் போட்டார்கள். யாருக்கும் குறை வரக்கூடாதென்று எல்லா வாசலையும் கடல் பக்கமே வைத்தார்கள். முதல் வரிசைக்குக் கடல் தெரிந்தது. பின்னால் இருந்தவர்களுக்கு முன்வீட்டு முதுகுதான். ஓடியாடுகிறவர்களுக்கு அது பெரிதில்லை. முழங்கால் வீங்கி மணலில் நடக்கமுடியாத நைனாவுக்கு அந்த முதுகுதான் ஊர்.

ஒல்லாந்தர் கோட்டையில் துணிக்கணக்கு எழுதுவது என் வேலை. அது முடிந்ததும் ஊர்ப் பெரியவரிடம் ஓடி, முன்வீட்டுப் பின்சுவரில் இன்னொரு வாசல் வைக்கலாமா என்று கேட்டேன்.

"ஒரு வூட்டுக்கு ரெண்டு வாசலா? நாளைக்கு எல்லாரும் ரெண்டு கேப்பானுங்க. கோட்டைல நாலு எழுத்து எழுதினா, இங்க வந்து நாயம் பேசுவியாடா?"

மறுநாளும் போனேன். அதே பதில், இன்னும் சுருக்கமாக. அதற்கடுத்த முறை என்னைக் கண்டதும் கையிலிருந்த வலைக்குள் தலையைக் கவிழ்த்துக்கொண்டார்.

"சரி, ஒரே வாசல்தான். அத எங்க வூட்டுப் பக்கம் திருப்பிட்டா?"

"கடல் வாசல எவன்டா வுடுவான்? போய்க் கேட்டுப் பாரு."

கிழவியிடமே கேட்டேன். அவள் தன் வாசலில் தனியாக உட்கார்ந்திருந்தாள்.

"ஆம்பளைங்க கடலுக்கு, பொம்பளைங்க மீன் விக்க. அதுக்கப்புறம் இங்க காக்கா கூட வராது. கடல இத்தினி வருசமாப் பாத்தாச்சு ராசா. எங்கிட்ட அது இன்னா பேசிச்சு? ஆனா சீட்டு எம் மவன் பேருலதான் வுழுந்தது. அவன் ஒத்துக்கணும்."

முதல் வரிசை விழுந்ததை இன்றுவரை கரையெல்லாம் சொல்லித் திரிகிறவன் அவன்.

எனக்குக் கால் வலிக்கிறது, நாக்கும் வலிக்கிறது. ஊரின் எல்லா வரிசைகளையும் எதிரெதிராகத் திருப்பிவிடலாம் என்றுகூட நடுவில் நினைத்தேன். இப்போது ஒரே ஒரு வாசல் போதும் என்றாகிவிட்டது. நைனாவிடம் இன்னும் எதையும் சொல்லவில்லை. ஏமாந்துபோனால் சுவரோடு பேசுவதையும் நிறுத்திவிடுவாரோ என்று பயம்.

நாளை அவன் கட்டுமரம் கரையேறும்போது அங்கே நிற்கப்போகிறேன். வலை இழுக்க ஒரு கை கொடுப்பேன். முதலில் மீன்பாடு எப்படி என்று கேட்பேன். அவன் முகத்தைப் பார்த்துக்கொண்டு, பிறகு வாசலைப் பற்றி.