டெலிபோனம்மாவின் வலது தோள்

ஆயுசு முழுக்க டெலிபோன் ஆபீஸில் லைன் இணைத்தவள் என்பதால், ஓய்வு பெற்ற பிறகும் அவளுக்கு டெலிபோனம்மா என்றே பெயர். ஊரார் கல்யாணப் பேச்சையெல்லாம் சேர்த்துவைத்தாள்; தனக்கு வந்த பேச்சு மட்டும் பாதியில் அறுந்துபோனது. அண்ணன் வீட்டிலேயே தங்கிவிட்டாள். அவளும் அண்ணியும் பாம்பும் கீரியும்தான். அண்ணன் காலமான பிறகு, தீர்ப்புச் சொல்ல ஆளில்லாமல் சண்டையே சப்பென்று ஆகிவிட்டது.

வெளிநாட்டிலிருந்து மகன் கூப்பிட, அண்ணி பெட்டி கட்டினாள். அந்த நேரம் பார்த்து டெலிபோனம்மாவின் வலது தோள் இறுகிக்கொண்டது. கை காதுவரைகூட ஏறவில்லை.

"இவளுக்குக் கை சரியாகட்டும், வரேன்" என்று அண்ணி மகனிடம் சொல்லிவிட்டாள்.

அன்றிலிருந்து தினமும் தலைவாரல் அண்ணி கையில்.

"ஆடாம உக்காரு. எலிவாலுக்கு எத்தனை சிக்கு!"

"பாதி முடி உங்க கையோட வந்துடுச்சு அண்ணி."

"மிச்சத்தையும் குடு, சவுரி செஞ்சுக்கறேன்."

ஆஸ்பத்திரியில் பிசியோதெரபிஸ்ட் ஒத்தடம் வைத்து, முழங்கையைத் தாங்கி மெல்லத் தூக்குவான். வீட்டுச் சுவரில் விரல்களை எறும்பு மாதிரி மேலே நடத்தச் சொன்னான். எறும்பு மாதக்கணக்கில் ஊர்ந்தது. ஒருநாள் குளியலறையில் கை தானாக உச்சிக்கு ஏறிவிட்டது. திருட்டுப் பொருளைத் தொட்டுவிட்டவள்போல அவசரமாக இறக்கிக்கொண்டாள்.

அதன் பிறகு அவன் தோள் உயரம் தூக்கியதுமே "ஐயோ" என்றாள். கையில் இறுக்கம் இல்லை என்பது அவன் விரலுக்குத் தெரியாதா? வெளி பெஞ்சில் கொட்டாவி விட்டபடி காத்திருந்த அண்ணியைப் பார்த்தான். "இன்னும் கொஞ்ச நாள் ஆகும்" என்றான்.

திரும்பும்போது பஸ் சடாரென்று பிரேக் போட்டது. டெலிபோனம்மாவின் வலது கை பறந்துபோய் மேல்கம்பியைப் பிடித்துக்கொண்டது. அண்ணி அந்தக் கையைப் பார்த்தாள், பிறகு ஜன்னலைப் பார்த்தாள்.

"இறக்கிக்கோ. வலிக்கப் போகுது."

மறுநாளும் அண்ணி சீப்பை எடுத்தாள். இந்தத் தடவை இழுக்கவில்லை. சிக்கை விரலாலேயே பிரித்தாள்.

"பேரனுக்கு என் முகமே மறந்துடும் போல."

"போயிட்டு வாங்க அண்ணி. எனக்கென்ன, நிம்மதி."

"உனக்குப் பொய் சொல்லவும் வரல" என்றாள் அண்ணி.

வாரக் கடைசியில் அண்ணி கிளம்பிவிட்டாள்.

அடுத்த முறை டெலிபோனம்மா தனியாகத்தான் சிகிச்சைக்குப் போனாள். பிசியோதெரபிஸ்ட் தூக்கத் தூக்கக் கை வானம் பார்க்கப் போனது. "ஐயோ" என்ற சத்தமே இல்லை.

"முழுசா குணமாயிடுச்சும்மா. இனிமே நீங்க வர வேண்டாம்."

அவள் ஸ்டூலை விட்டு எழுந்திருக்கவில்லை.

"தம்பி, இந்த இடது தோள்தான் இப்ப லேசாப் பிடிக்கிற மாதிரி இருக்கு."

தூக்கிப் பார்த்தான். ஊஞ்சல்போல லேசாகப் போய்வந்தது. வகிடு கோணலாகக் கிடந்த அந்தத் தலையை ஒரு நிமிஷம் பார்த்தான்.

"இருக்கும்மா, கொஞ்சம் இருக்கு. நாளைக்கு வாங்க."