ஜெரோம் அண்ணன் ஏறிய சின்ன விமானம்

ஜெரோம் அண்ணன் இறந்துவிட்டார்.

நேற்று மத்தியானம் நான் இப்போது வேலை பார்க்கும் ருவைஸ் சைட்டில் சாப்பாட்டு பிரேக். பழைய கம்பெனி டிரைவர் ரஃபீக் பாய் போன் செய்தார். "ஜெரோம் பாய் கலாஸ்" என்றார். இங்கே எது முடிந்தாலும் 'கலாஸ்'தான்.

"டியூட்டி கலாஸா?" என்று கேட்டேன். அவர் அழுகிற சத்தம்தான் கேட்டது.

சாப்பிட்டு முடித்தேன். டிபன் பாக்ஸைக் கழுவி வைத்தேன். திரும்ப வேலைக்குப் போனேன்... ஏன் என்று தெரியவில்லை.

தெரியாதவர்களுக்காக... துபாய்க்கு வெளியே, சின்ன விமானங்கள் மட்டும் வந்து போகும் ஒரு பிளையிங் கிளப்பில் நானும் அவரும் வேலை பார்த்தோம். அவர் ஃபயர் வண்டி டிரைவர். கன்னியாகுமரி கடற்கரைக்காரர். அல் குசைஸில் ஒரே ரூம். கீழ்க்கட்டில் அவருக்கு, மேல்கட்டில் எனக்கு.

விமானம் இறங்க வந்தால் பேச்சை நிறுத்திவிடுவார். அது ஓடி நின்ற பிறகுதான் விட்ட இடத்திலிருந்து பேசுவார். போனில் மனைவி மேரி அக்காவிடம் பேசும்போதும் அப்படித்தான். "ஏதோ எறங்குது போல" என்று அக்காவும் ஊரில் காத்துக்கொண்டிருப்பாராம்.

ஒருநாள் பயங்கரக் குறுக்குக் காற்று. சமீர் சார் என்பவரின் சொந்த விமானம் தரையைத் தொட்டு, துள்ளி, ரன்வேயை விட்டு மணலுக்குள் போய்க் கவிழ்ந்தது. பெட்ரோல் ஒழுகிக்கொண்டிருந்தது.

சார் பெல்ட்டில் தலைகீழாகத் தொங்கினார். அண்ணன் உள்ளே புகுந்து பெல்ட்டை அறுத்தார். தோளில் தாங்கி வெளியே இழுத்தார். "யல்லா சார், யல்லா" என்று மட்டும் அரபியில் அவசரப்படுத்திக்கொண்டே இருந்தார்.

அன்றைக்கு ரூமில் நெத்திலிக் குழம்பு வைத்தது அவர்தான். உப்பு ரொம்பக் கூடிவிட்டது. தண்ணீரைக் குடித்துக் குடித்துச் சாப்பிட்டு முடித்தோம்.

அதற்குப் பிறகு சமீர் சார் எப்போது வந்தாலும் கூப்பிடுவார். "ஜெரோம், என்கூட ஒரு ரவுண்டு வா." அண்ணன் சிரித்துவிட்டு நகர்ந்துவிடுவார்.

என்னிடம் மட்டும் சொல்வார். "ஆசையாத்தான் இருக்கு மக்கா. பயமாவும் இருக்கு, கேட்டியா."

நேற்று அவருக்கு ஆஃப். மகள் ஷைனி மேலே இருந்து கடலை வீடியோ எடுத்து அனுப்பச் சொல்லியிருக்கிறாள். சரி என்று ஏறியிருக்கிறார்.

மேலே இருந்தே அனுப்பிய அந்த வீடியோ நேற்று காலையில் எனக்கும் வந்தது. கடல்... சின்னதாகத் தெரிகிற கட்டடங்கள்... கடைசியில் அவர் முகம், சிரிப்பு. நான் ஒரு தம்ஸ்அப் போட்டிருக்கிறேன்.

இறங்கும்போது காற்று தூக்கி அடித்ததாம். விமானத்தின் மூக்கு போய்த் தரையில் குத்தியிருக்கிறது. அண்ணன் அங்கேயே...

சாயங்காலம் மேரி அக்காவுக்குப் போன் செய்தேன். அக்காவுக்கு ஏற்கெனவே சொல்லியிருந்தார்கள்.

"தம்பி, ஓட்டினது அந்த சமீர் சாருதானா?"

"ஆமாக்கா."

"அவரு இருக்காரா?"

"ஆஸ்பத்திரில இருக்காருக்கா. பொழச்சுக்குவாருன்னு சொல்றாங்க."

"செரி" என்றார். பிறகு, "இவரு தூக்கி வெளிய கொண்டாந்த ஆளுல்லா... அவராவது இருக்கட்டும்" என்றார்.

ஜெரோம் அண்ணே... இவ்வளவுதான்ணே எழுத வருது.