இரண்டு சிபாரிசுக் கடிதங்கள்

நோர்வேயில் பல்கலைக்கழகம் போக யாருடைய சிபாரிசும் வேண்டாம். புள்ளிகளைக் கூட்டிப் பார்த்து, இடமிருந்தால் கூப்பிடுவார்கள். குரோருட் பள்ளிக்கூடத்தில் இத்தனை வருடம் பௌதிகவியல் படிப்பித்த நான் அந்த நிம்மதியில்தான் இருந்தேன்.

அதைக் கெடுத்தது என் வகுப்பிலிருந்த ஒரு சீனப் பெண். அமெரிக்காவில் ஒரு கல்லூரிக்கு விண்ணப்பிக்கிறாளாம், ஆசிரியர் கடிதம் வேண்டுமாம். அவளுடைய பூட்டனார் நூறு வருடத்துக்கு முன்னர் ஒரு பாதிரியார் எழுதிக்கொடுத்த கடிதத்தை நம்பிக் கப்பலேறி, அங்கே போய்ப் படித்தவர். அதற்குப் பிறகு அந்தக் குடும்பத்தில் யாரும் போகவில்லை. "நான் போக வேண்டும்" என்றாள். தேவைக்கு மேல் ஒரு சொல் பேசுகிற பிள்ளை இல்லை. ஆசிரியரின் கடிதத்தை மாணவர் பிறகு கேட்டு வாசிக்கலாம் என்று ஒரு உரிமை இருந்தது. அதையும் வேண்டாமென்று எழுதிக் கொடுத்திருந்தாள். என்மேல் அவ்வளவு நம்பிக்கை.

நான் கண்ட பிள்ளைகளில் அவளைப் போல ஒரு கெட்டிக்காரி இல்லை. கரும்பலகையில் நான் விடும் பிழையை எல்லோர் முன்னாலும் சொல்லாமல், வகுப்புக் கலைந்த பிறகு தனியே வந்து சொல்வாள். ஆனால் எழுத உட்கார்ந்தால் கை ஓடவில்லை. எங்கள் வீட்டில் பிள்ளையை வாய்விட்டுப் புகழ்ந்தால் நாவூறு படும். நான் பல்கலைக்கழகத்துக்கு எடுபட்ட அன்று அப்பா சொன்னது 'பரவாயில்லை' என்ற ஒரு சொல். நோர்வேக்காரர் அதற்கும் ஒரு படி மேல். இங்கே 'மோசமில்லை' என்றாலே மாலை போட்ட மாதிரி. இரண்டு நாட்டு அடக்கமும் சேர்ந்து என் விரலில் ஏறிக்கொண்டது. திறமையானவர், ஒழுங்காக வேலை செய்பவர், நேரம் தவறாதவர், மற்றவர்களோடு நன்றாகப் பழகுபவர். ஏழே ஏழு வரி. வாசித்துப் பார்த்தேன், கண்ணியமாக இருந்தது. அனுப்பிவிட்டேன்.

அடுத்த வாரம் ரொம்சோஸில் தன் வீட்டுக்கு வரச்சொல்லி அண்ணை கூப்பிட்டார். கூடப்பிறந்த அண்ணன் இல்லை. நான் அகதியாக வந்திறங்கியபோது எட்டு மாதம் தன் வீட்டில் படுக்க இடம் தந்தவர். அவருடைய மகனும் என் வகுப்புத்தான், அந்தப் பெண்ணின் நண்பன், அதே கல்லூரிக்குத்தான் அவனும் விண்ணப்பித்திருந்தான். மேசையில் ரோல்ஸும் தேத்தண்ணியும் இருந்தன. பக்கத்தில் இரண்டு பக்கக் கடிதம், கீழே என் பெயர்.

"தம்பி, உனக்கேன் கரைச்சல் எண்டு நானே எழுதிப்போட்டன். ஒருக்கா பாத்திட்டு அனுப்பிவிடு."

"அண்ணை, நான் படிப்பிச்ச பிள்ளையளுக்குள்ளை இவன்தான் முதல் எண்டெல்லோ இதிலை கிடக்கு."

"ஓம். பின்னை எப்பிடி எழுதுறது? 'பரவாயில்லை' எண்டு எழுதினா அமெரிக்காக்காரன் கிழிச்செல்லோ போடுவான்."

அந்த இடத்தில் எனக்கு உறைத்திருக்க வேண்டும். உறைக்கவில்லை. அந்த எட்டு மாதம்தான் கண்ணுக்கு முன்னால் நின்றது. பெடியன் நல்லவன், ஆனால் படிப்பில் நடுத்தரம். மாட்டேன் என்றால் லில்லெஸ்ட்ரோமில் இருக்கிற எங்கள் சனம் வரை கதை போகும், உண்ட வீட்டுக்கு இரண்டகம் செய்தவன் என்று. அவருடைய மேசையிலேயே, அவர் பார்த்திருக்க, அனுப்பினேன்.

அமெரிக்காக்காரன் கிழித்துப்போடும் கடிதம் நான் அவளுக்கு எழுதியதுதான் என்று திரும்பி வரும்போது ரயிலில்தான் விளங்கியது. அந்தப் பெண்ணின் கடிதத்தைத் திருத்தப் பார்த்தேன். ஒருமுறை அனுப்பினால் அவ்வளவுதான், இணையத்தளம் விடவில்லை. கல்லூரிக்கே எழுதலாம். என்னவென்று எழுதுவது? என் முதல் மாணவி இவள்தான் என்றா? ஒரே வாத்தியாரிடமிருந்து ஒரே வகுப்பில் இரண்டு முதல் என்றால், ஒன்றையும் நம்பமாட்டார்கள், இரண்டு பிள்ளைகளுக்கும் இடம் போய்விடும். ஒன்றைக் காப்பாற்றினால் மற்றதைப் பொய் என்று ஒப்புக்கொள்ள வேண்டும். ஆப்பிழுத்த குரங்கு நிலைதான். பனிக்காலம் முழுக்க அவள் ஒவ்வொரு நாளும் முன்வரிசையில் இருந்தாள். நான் அவள் முகத்தைப் பார்க்காமலே படிப்பித்தேன்.

வசந்தத்தில் முடிவு வந்தது. பெடியனுக்கு இடம் கிடைத்தது. அவளுக்கு இல்லை.

வகுப்பு முடிந்து எல்லோரும் போனபின் அவள் வந்தாள். அழவில்லை. "என்னிடம் என்ன குறை என்று உங்களுக்குத் தெரிந்திருக்கும்" என்று நோர்வேஜிய மொழியில் கேட்டாள். எனக்கு வெட்கமாக இருந்தது. வேறு ஒன்றும் தோன்றாமல், மேசை லாச்சியைத் திறந்து, அவளுக்கு எழுதிய கடிதத்தின் பிரதியை எடுத்துக் கொடுத்தேன். திட்டட்டும், அதிபரிடம் போகட்டும், எதுவென்றாலும் நல்லது என்று நினைத்தேன்.

நின்றபடியே வாசித்தாள். பிறகு இன்னொரு தடவை, மெதுவாக.

"எல்லாம் உண்மைதானே" என்றாள். "அப்படியென்றால் நான்தான் போதாது."

நன்றி சொல்லித் தாளை மேசையில் வைத்துவிட்டுக் கதவடிக்குப் போனாள். பிழை என்னுடையது என்று சொல்ல எழும்பினேன். சொன்னால் மற்றக் கடிதத்தையும் சொல்ல வேண்டும். வெளியே அண்ணையின் மகன் அவளுடைய பையையும் தூக்கிக்கொண்டு காத்து நின்றான். நான் உட்கார்ந்துவிட்டேன்.